சோம்ப்ராவின் பதினெட்டு நகங்கள்

மதியச் சாப்பாடு முடிந்தால் எங்கள் ஊரான இத்தாகுவாவில் காற்றுகூடப் படுத்துவிடும். மூன்று மணிவரை யாரும் யார் கதவையும் தட்டக் கூடாது. ஊரே உறங்கும் அந்த நேரத்தில் நான் மாமர நிழலில் தரையில் உட்கார்ந்து, சோம்ப்ராவின் முன்னங்காலைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தேன். பிடித்தால் உருவிக்கொள்ளும். உறுமாது, கடிக்க வராது, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். கடித்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

சோம்ப்ரா என் மனைவி செல்சாவின் நாய். செல்சா ஸ்பெயினில் இருக்கும் மலாகாவுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது, அங்கே ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பெண்கள் அந்த நாட்டில்தான் இருக்கிறார்கள். நாய்க்கு நகம் வெட்டுவதெல்லாம் அவள் பாடு; நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது முன்னங்காலின் உள்பக்க நகம் கொக்கியாக வளைந்து சதையைத் தொட்டுவிட்டது. மயக்க ஊசி போட்டு வெட்டினால் பன்னிரண்டு வயது இதயம் தாங்குமா என்று தெரியாது என நாய் டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டில்தான் வெட்டியாக வேண்டும்.

செல்சாவின் குரலைக் கேட்டால் அடங்கிவிடும் என்று நினைத்துப் போன் செய்து, சத்தமாக வைத்து, பெஞ்சில் சாய்த்தேன். அதுதான் தப்பு. குரல் வந்ததும் சோம்ப்ரா துள்ளி எழுந்து போனை முகர்ந்தது, அதன் பின்னால் போய்ப் பார்த்தது, பிறகு வீட்டுக்குள் ஓடியது. சிமெண்ட் தரையில் நகங்கள் டக் டக்கென்று அறை அறையாகப் போயின. எங்களுக்கு மூன்றே அறைகள். இரண்டு தடவை தேடிவிட்டு வெளியே வந்து என்னைப் பார்த்தது.

அந்த நகச் சத்தம் மலாகா வரை கேட்டிருக்கும். செல்சா தணிந்த குரலில் சொன்னாள்: "நான் இனி வாயத் திறக்கல. நீ பேசு. பேசிக்கிட்டே வெட்டு, அவளுக்குப் பேச்சு வேணும்."

"என்னத்தப் பேச?"

"முப்பது வருஷம் பஸ் ஓட்டின. 'டிரைவருடன் பேசாதீர்'ங்கற போர்ட கொண்டாந்து வீட்டுலயும் மாட்டிட்ட. இன்னிக்கு ஒரு நாள் அதக் கழட்டி வையேன்யா."

ஒரு நகத்துக்கு ஒரு துண்டு சிப்பா கொடுக்கச் சொன்னாள். மரவள்ளி மாவில் சுடும் அந்த ரொட்டி மறுநாளே கல்லாகிவிடும், கடித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அதோடு போன் ஊமையாகிவிட்டது.

நான் பஸ்ஸைப் பற்றிப் பேசினேன். பள்ளங்களைப் பற்றி, கோழியோடு ஏறும் கிழவர்களைப் பற்றி. சோம்ப்ரா மெல்ல வந்து தொடையில் தாடையை வைத்தது. கறுப்பு நகத்தில் உள்ளே நரம்பு எதுவரை ஓடுகிறதென்று வெளியே தெரியாது. குறுநொய் அளவு, குறுநொய் அளவாகச் சீவ வேண்டும். வெட்டிய இடத்தின் நடுவே புள்ளி தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். கொக்கி நகம் முதலில் விழுந்தது. அடியில் சிவந்த தடம்தான் இருந்தது, புண் இல்லை. சிப்பா நொறுங்கியது. வெயில் இலைகளுக்குள் அசைய, என் குரல் யாருடையதோ போல எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது.

பின்னங்காலுக்கு வரும்போது பஸ் கதைகள் தீர்ந்துபோயின. போனின் திரை அணைந்திருந்தது. இணைப்பு எப்போதோ அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு ஏர்போர்ட்டுல அவ மூணு தடவ திரும்பிப் பார்த்தா, சோம்ப்ரா," என்றேன். "போகாதேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியும் போயிட்டா என்ன பண்றதுன்னு முழுங்கிட்டேன்."

ஒரு குறுநொய் அதிகமாக வெட்டிவிட்டேன். நகத்தின் நுனியில் ரத்தம் முத்தாகத் திரண்டது. கிண்ணத்தில் தயாராக வைத்திருந்த மரவள்ளி மாவை அள்ளி அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சோம்ப்ரா காலை உருவவில்லை. ரத்தம் நிற்கும்வரை மிச்சத்தையும் சொன்னேன்: கட்டிலில் அவள் பக்கம் நான் இன்னும் படுப்பதில்லை என்பதை, போனில் அவள் கேட்கும்போதெல்லாம் எல்லாம் நல்லாருக்கு என்று சொன்னது பொய் என்பதை. பிறகு அந்த நகத்துக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். மற்ற நகங்களையும் சீவிவிட்டு, ஆச்சு என்று நகவெட்டியைத் துடைத்தேன்.

"பதினேழு துண்டுதான் கடிச்சிருக்கா," என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல். மூக்கு அடைத்திருந்தது. "இன்னும் ஒண்ணு பாக்கி. பேசு."

சோம்ப்ரா காதை நிமிர்த்தியது, ஆனால் எழுந்து தேடப் போகவில்லை. நான் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, போன் இருந்த பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"செல்சா," என்றேன்.

வெட்டாமல் விட்ட அந்த ஒற்றை நகம் என் முழங்காலில் லேசாகக் குத்திக்கொண்டிருந்தது.