காற்று செத்த கடல்

சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற வேதசிரோமணிக்குச் சிட்லபாக்கத்து வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காசிமேட்டில் ஒரு பழைய பாய்ப்படகை வாங்கினார். போர்ட் பிளேரில் டீச்சராக இருந்த மகள் அமலராணியிடம், காற்றை மட்டும் நம்பிக் கடல் தாண்டிப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. துணைக்குக் கோவளத்து மீனவன் ஜெயவேலுவைச் சேர்த்துக்கொண்டார். "உங்க பைத்தியத்துக்கு நான் வரலை" என்று மனைவி ஞானஜோதி முன்னாலேயே கப்பலில் போய்விட்டாள். 1986 மார்ச்சில் படகு புறப்பட்டது.

பாதி வழியில் காற்று செத்துப்போனது. கடல் எண்ணெய் போலக் கிடந்தது. பாய் துவண்டு தொங்கியது. காலையில் படகிலிருந்து கொட்டிய சோற்றுப் பருக்கை சாயங்காலமும் பக்கத்திலேயே மிதந்தது. குடிதண்ணீரை அளந்து குடித்தார்கள்.

"இன்னா சார், கடலு தூங்கிக்கினு கீதா?"

"தூங்கட்டும்பா. எனக்கு இனிமே எந்த ஆபீசுக்கு லேட் ஆகுது?"

மறுநாள், எங்கோ தொலைவில் அடித்த புயலின் மிச்சம்போல ஒரு பெரிய அலை வந்து படகைச் சாய்த்தது. பிடித்து நிறுத்தக் காற்றில்லாத பாயின் அடியில் கட்டியிருந்த நீளக் கழி சட்டென்று வீசி, கயிற்றை முடிந்துகொண்டிருந்த வேதசிரோமணியின் நெஞ்சில் அடித்தது. விழுந்தவர் எழவில்லை. எச்சிலில் ரத்தம் வந்தது. மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே ஏதோ உரசுவது ஜெயவேலுவுக்குக் கேட்டது.

படுத்தபடியே திசைகாட்டியைக் காட்டினார். "காத்து வந்தா, முள்ளை இந்தக் கோட்டுல நிறுத்து. போதும்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஜோதி போர்ட் பிளேர் ஜெட்டியில நிப்பா. எப்படியாவது என்னை அவகிட்ட சேத்துடு" என்றார்.

"சேத்துடறேன் சார்."

விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

உடலை மாற்றுப் பாயில் சுற்றி உள்ளறையில் வைத்தான். கடல்நீரை ஊற்றி ஊற்றி நனைத்தான். காற்று வரவில்லை. அந்த வெயிலில் அடுத்தடுத்த நாட்களில் உள்ளே போகவே முடியவில்லை. கடைசியில் நங்கூரச் சங்கிலியை உடலோடு கட்டினான். கிறிஸ்தவர்களின் ஜெபம் எதுவும் அவனுக்குத் தெரியாது. "என்னால முடியல சார்" என்று அழுதுகொண்டே தள்ளிவிட்டான். தண்ணீர் தெளிவாக இருந்தது. வெள்ளைத் துணி இறங்குவது வெகுநேரம் தெரிந்தது.

அடுத்த நாள் காற்று வந்தது. "நேத்து வந்தா இன்னா!" என்று காற்றைப் பார்த்துக் கத்தினான். பிறகு முள்ளைக் கோட்டில் நிறுத்தினான்.

ஜெட்டியில் தாயும் மகளும் நின்றிருந்தார்கள். ஞானஜோதி படகுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அவர் எங்கப்பா?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். வாக்குக் கொடுத்ததையும் மறைக்கவில்லை. அவள் அவன் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். அவன் நகரவில்லை. அமலராணிதான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

மே மாதம் சிட்லபாக்கத்துச் சர்ச்சில், பெட்டியில்லாமல் ஓர் அடக்க ஆராதனை நடந்தது. ஜெயவேலு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றான். ஞானஜோதி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"உன்னை மன்னிக்க முடியலை" என்றாள். "ஆனா அவர் கடைசியாப் பாத்த முகம் உன்னுதுதான். உள்ள வா."

முன்வரிசையில், தனக்கும் மகளுக்கும் நடுவில் அவனை உட்காரவைத்தாள். பாட்டு தொடங்கியது. அவனுக்குத் தெரியாத பாட்டு. எல்லோரும் எழுந்தபோது அவனும் எழுந்து நின்றான்.