இருவர் உட்காரும் பெஞ்சு

செல்போன் சிணுங்கியபோது வக்கீல், ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே, பழுதாகி நின்ற லிப்ட்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தான்.

கோர்ட்டுக்கும் அவனுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. லிப்ட் மெக்கானிக். எதை வாங்கினாலும் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படிப்பான் என்பதால் ஒர்க்‌ஷாப்பில் வைத்த பெயர்.

மெசேஜைப் பார்த்தான். காது மடல் சூடேறியது. அவன் கார்டிலிருந்து பணம் போயிருந்தது. போன இடம், அந்த கேம் கம்பெனி.

"மீசை! திருட்டுப் பசங்க மறுபடியும் கைய வச்சுட்டானுங்க!"

லிப்ட்டுக்குள் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த மீசை நிமிராமலே கேட்டான். "யாரு, நம்ம மேனேஜரா?"

"மேனேஜர் மூஞ்சிக்கு நேரா புடுங்குவான். இவனுங்க பாக்கெட்டுக்குள்ளயே குடித்தனம் பண்றானுங்க."

பழைய பகை. அவர்களுடைய கார் ரேஸ் கேம் ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கினான். வாங்கியபிறகுதான் தெரிந்தது, நல்ல காருக்குத் தனிக் காசு, மழைச் சாலைக்குத் தனிக் காசு. கடைசியில் சர்வரையே மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து, "கடையில அவன் பேரைப் பாத்தாலே தாண்டிப் போயிடுங்கடா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு, அக்கா.

சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அக்கா ஈரத் தரையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். படுத்த படுக்கை. பொழுது போகாமல் ஒரு தோட்ட விளையாட்டைக் கேட்டாள். அதே கம்பெனிதான், ஆனால் இலவசம். கார்டு நம்பர் இல்லாமல் கம்பெனி கணக்குத் திறக்காது என்பதால் தன் கார்டைக் கொடுத்தான். "காசு கேக்குற பட்டன் பக்கமே போகாதக்கா."

அக்கா போகவில்லை. காசு கொடுத்தால் மாங்கன்று நொடியில் மரமாகும். கொடுக்காவிட்டால் மாதக்கணக்காகும். மனுஷனுக்குப் பொறுமை இருக்காது என்பதுதான் கம்பெனியின் கணக்கு. அக்கா படுத்தபடியே தினமும் தண்ணீர் ஊற்றி ஒரு தோப்பையே வளர்த்துவிட்டாள்.

"டேய், என் மரம் பூ விட்டுடுச்சு. உள்ள வந்து பாரேன்."

"அந்தக் கம்பெனி வாசப்படி மிதிக்க மாட்டேன்க்கா."

"நான் கம்பெனிக்கா கூப்பிடறேன்? என் தோட்டத்துக்குக் கூப்பிடறேன்டா!"

அவன் போனதே இல்லை.

லிப்ட்டின் தலைமேல் நின்றபடியே பேங்க்குக்குப் போன் போட்டான்.

"வீட்ல யாராவது வாங்கியிருக்கலாம் சார். ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்றது மறுமுனைப் பெண் குரல்.

"எங்க வீட்லயா? வாய்ப்பே இல்லைங்க. பணத்தைத் திரும்ப வாங்குங்க."

அக்காவின் நம்பர் அதே போனில்தான் இருந்தது. இப்போதுதான் ஊன்றுகோல் பிடித்து எழுந்து நடக்கப் பழகுகிறாள், நடைப்பயிற்சியில் இருப்பாள், இதற்குப் போய்த் தொந்தரவு எதற்கு என்று விட்டுவிட்டான்.

பணம் திரும்பி வந்த அன்று ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் டீ. "வக்கீல் ஜெயிச்சுட்டாரு!" என்று மீசை டம்ளரைத் தட்டினான்.

வீட்டுக்குப் போனால், அக்கா ஊன்றுகோலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் போன்.

"உள்ள விட மாட்டேங்குதுடா."

வாங்கிப் பார்த்தான். 'பணம் திரும்பப் பெறப்பட்டதால் இந்தக் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது.'

"நீ... ஏதாவது வாங்கினியாக்கா?"

"ஒரே ஒரு பெஞ்சு. பணத்தை உன் சட்டைப் பையில வச்சேனே, பாக்கல?"

பார்த்தான். அன்றைக்கே, தான் எப்போதோ வைத்து மறந்துபோன நோட்டு என்று நினைத்துப் பெட்ரோல் போட்டுவிட்டான்.

"பெஞ்சு எதுக்குக்கா?"

"ரெண்டு பேர் உக்கார்றது. என்னைக்காவது நீ வந்தா, நிக்கவா வைக்கிறது?"

வாசப்படி மிதிக்க மாட்டேன் என்றவன், அந்தக் கம்பெனிக்கே போன் போட்டு, அவர்கள் வைத்த பாட்டைக் கேட்டபடி காத்திருந்தான். ஆள் வந்ததும் கெஞ்சினான்.

"விதிமுறையிலேயே இருக்கே சார். கணக்குத் திறக்கும்போது படிச்சிருப்பீங்களே?"

படிக்கவில்லை. இலவசம்தானே என்று வக்கீல் படிக்காமல் ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான்.

தோட்டம் திரும்பாது என்றார்கள். புதிதாக ஆரம்பிக்கலாம், வெற்று நிலம் தருவார்கள். அந்தப் பெஞ்சு மட்டும் கம்பெனியின் அன்பளிப்பு.

மறுநாள் அக்காவுக்குப் புதுக் கணக்குத் திறந்தான். தனக்கும் ஒன்று. அதன் வழியே அக்காவின் நிலத்துக்குள் போனான். கட்டாந்தரை நடுவே பெஞ்சு நின்றது.

"வந்துட்டேன்க்கா."

"எங்க?"

"தோட்டத்துக்கு."

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. "அங்க என்னடா இருக்கு இப்ப?" கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தால் தேவலை.

திரையில் ஒரு பட்டன் மினுங்கியது. 'மாங்கன்று இப்போதே மரமாக வேண்டுமா?' பக்கத்தில் விலை.

அவன் கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது. "வாங்கிடவாக்கா? மொத்தத் தோப்பையும்?"

"வாங்கினா அது நான் வளர்த்த மரமாடா?"

விரலை எடுத்தான். ஒரு கன்றை நட்டான். தண்ணீர் ஊற்றினான். பிறகு பெஞ்சின் ஒரு ஓரமாக, இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தான்.

அக்கா அடுத்த துணியை எடுத்து உதறினாள்.