அந்த இடத்தில் சிரித்தவர்கள்

அந்த இடத்தில் தியேட்டரே சிரித்தது. வெர்லீன் டாக்கெட் மட்டும் மடியிலிருந்த கைப்பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். திரையில் ஒரு நடிகை, தலை முழுக்க முடி சுருட்டும் உருளைகளோடு, பக்கத்து நாற்காலிக்காரியிடம் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். "மாமியா ஆறு மணிக்கே போய்ச் சேந்துட்டா. என் வீட்டுக்காரன் ரேடியோல வாசிக்கப்போறது எட்டு மணிக்கு. என்ன பண்றது? ரேடியோவத் தூக்கி அவ காதுகிட்ட வச்சேன். சத்தத்தக் கொஞ்சம் கூட்டியும் வச்சேன், கெழவிக்குக் காது மந்தம்." கடைசி வாக்கியத்துக்குத்தான் சிரிப்பு கூரையைப் பிய்த்தது.

பக்கத்தில் கணவன் ஹோபர்ட் சிரிக்கவில்லை என்பது திரும்பிப் பார்க்காமலே வெர்லீனுக்குத் தெரிந்தது. படம் ஆரம்பித்ததிலிருந்து முனகிக்கொண்டே இருந்தவன் அவன். "அந்தப் பிடில எப்படிப் பிடிச்சிருக்கான் பாரு, கோழியப் பிடிக்கிற மாதிரி" என்றான். "நம்ம ஊரு இவனுகளுக்கு சர்க்கஸ் கூடாரமாத் தெரியுது" என்றான். அந்த நிமிடத்தோடு முனகல் நின்றுபோனது. படம் முடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவன் கை அவளுக்கும் தனக்கும் நடுவிலிருந்த கைப்பிடியின் மேல் அசையாமல் கிடந்தது.

போன வருஷக் கோடையில் சினிமாக்காரர்கள், பாட்டுக்குப் பேர்போன இந்த நாஷ்வில்லுக்கு வந்து அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பாடகர்கள், பாடகராக ஆசைப்பட்டவர்கள், அவர்களுக்குக் காபி ஊற்றுகிறவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள் என்று இருபது பேருக்கு மேல் அதில் வந்துபோனார்கள். கதாநாயகன் யாரென்று கடைசிவரை தெரியாது. வடக்கே பெரிய நகரத்துப் பத்திரிகைகளெல்லாம் தலையில் தூக்கிவைத்து ஆடின. ஊருக்குப் படம் வந்து சேர்ந்த ஆகஸ்ட் மாதத்தில், ஊர்க்காரர்களில் பாதிப்பேர் முகத்தில் காறித் துப்பியதுபோல இருக்கிறது என்றார்கள். மீதிப்பேர் இருப்பதைத்தானே காட்டியிருக்கிறான் என்றார்கள்.

படப்பிடிப்பு நடந்த அந்த ஜூலையில்தான் அந்த நடிகை இரண்டு நாள் வெர்லீனின் அழகு நிலையத்துக்கு வந்தாள். இந்த ஊர்ப் பெண்கள் மாதிரியே தலை அலங்காரம் வேண்டும் என்றாள். அதிகம் பேசவில்லை, நன்றாகக் கேட்டுக்கொண்டாள். பத்து வருஷமாக யாரிடமும் சொல்லாததை அவளிடம் ஏன் சொன்னோம் என்று வெர்லீன் பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறாள். இவள் நாளைக்குக் கிளம்பிப் போய்விடுவாள், நம்மை மறந்துவிடுவாள் என்ற தைரியமாக இருக்கலாம். கண்ணாடியைப் பார்த்துப் பேசும்போது, எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோல இருக்காது என்பதும் ஒரு காரணம்.

நடந்தது இதுதான். அறுபத்து நான்காம் வருஷம், மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. ஹோபர்ட்டின் அம்மா ஓப்பல் நாலு மாதமாக அவர்கள் வீட்டில் படுக்கையில் இருந்தாள். ஹோபர்ட் ஆறு வருஷமாக இசைக்குழுவின் பின்வரிசையில் நின்று பிடில் வாசித்துக்கொண்டிருந்தவன்; அன்றைக்குத்தான் முதன்முதலாக அவனுக்கென்று ஒன்றரை நிமிடம் கொடுத்திருந்தார்கள், வானொலியில் நேரடியாக. ஓப்பல் சாயங்காலமே போய்விட்டாள். வெர்லீன் தொலைபேசியைக் கையில் எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுக்கவில்லை; எட்டு மணிக்கு ரேடியோவைத் தூக்கி ஓப்பலின் காதருகே வைத்தாள். அவன் வீடு திரும்பியதும், "நீ வாசிச்சத முழுசும் கேட்டாங்க. சிரிச்சாங்க. அப்புறந்தான்..." என்று சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு ஹோபர்ட் பதினோரு வருஷம் வாழ்ந்திருந்தான். கல்யாண வீடுகளில் சொன்னான், இசைக்குழுவின் பஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த ஆட்களிடம் சொன்னான், சர்ச் விருந்தில் சொன்னான். அவன் சொல்ல ஆரம்பித்ததுமே வெர்லீன் ஐஸ் டீ எடுத்துவர எழுந்து போய்விடுவாள்.

படம் முடிந்து காரில் வீடு திரும்பும்போது சிவப்பு விளக்கில் நின்றார்கள். விளக்கு பச்சையான பிறகும் அவன் வண்டியை எடுக்கவில்லை.

"உன் கடைக்கு வந்தாளே, அவதானே?"

"ஆமா."

பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். ஹோபர்ட் வண்டியை எடுத்தான். அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போனான், வந்தான், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்தில் புதிதாக வந்த போதகருக்காக யாரோ, "ஹோபர்ட், உங்கம்மா கதையச் சொல்லுப்பா" என்றார்கள். "இன்னொரு நாளைக்கு" என்றான். வெர்லீன் டீ எடுத்துவர எழுந்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை கடையில் இமோஜீனும் லூடியும் அடுத்தடுத்த நாற்காலிகளில் வந்து மாட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே எதிலும் ஒத்துப்போகாதவர்கள்.

"கொண்டைய உசத்திக் கட்டிக்கிட்டு, மூளையில்லாமத் திரியிற சனம்னு நம்மளக் காட்டிட்டான். அந்தப் பாட்டெல்லாம் ஒரு பாட்டா? எங்க வீட்டு நாய் அதவிடச் சுதியோட ஊளையிடும்" என்றாள் இமோஜீன்.

"உனக்குக் கண்ணாடில உன் மூஞ்சியப் பாத்தாலே ஆகாது. படத்துல காட்டினா எப்படிப் பிடிக்கும்?" என்றாள் லூடி.

"ஆனா ஒண்ணு. அந்த மாமியா, ரேடியோ. அதுக்கு மட்டும் சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விலாவே பிடிச்சுக்கிச்சு."

"எனக்கு அங்கதான் அழுகை வந்துச்சு" என்றாள் லூடி. "அவ கெழவிக்காகவா வச்சா? மகன் வாசிக்கறப்ப வீட்டுல ஒரு ஆளாவது காது குடுக்கணுமேன்னு வச்சா. அதப்போயிச் சிரிக்கிறீங்க."

லூடியின் தலையில் ஓடிக்கொண்டிருந்த சீப்பு நின்றது. ஓப்பலைக் கெழவி என்று தான் ஒருநாளும் சொன்னதில்லை என்று வெர்லீன் நினைத்துக்கொண்டாள். 'அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்' என்றுதான் நடிகையிடம் சொல்லியிருந்தாள். சொல்லும்போது அவளே லேசாகச் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

"அட, கேக்க மறந்துட்டேன்" என்றாள் லூடி. "நேத்து மத்தியான ஆட்டத்துக்கு என் தங்கச்சியக் கூட்டிட்டுப் போனேன். உன் வீட்டுக்காரன் கடைசி வரிசையில தனியா உக்காந்திருந்தான். படத்த அந்தத் திட்டுத் திட்டுனவன், மறுபடி எதுக்கு வந்தான்?"

வெர்லீன் நின்றுபோன சீப்பை மறுபடி ஓட்டினாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கடைக் கதவு திறந்தது. ஹோபர்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கடை திறந்த ஒன்பது வருஷத்தில் அவன் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. காரிலிருந்தபடியே ஹாரன் அடிப்பான். தலைமுடி உலர்த்தும் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த இமோஜீன் அதை மெல்ல மேலே தள்ளினாள்.

"தலையக் கழுவி விடறியா?" என்றான்.

அவள் தொட்டிப் பக்கம் கை காட்டினாள். அவன் மல்லாந்து சாய்ந்தான். நாற்காலி அவன் உயரத்துக்குப் போதாமல் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வெர்லீன் தண்ணீரைப் புறங்கையில் விட்டுச் சூடு பார்த்து அவன் தலையில் ஊற்றினாள்.

"ரெண்டு தடவ பாத்துட்டேன்" என்றான் கண்ணை மூடிக்கொண்டு. "ரெண்டு தடவையும் சிரிச்சாங்க."

"ம்."

"ரெண்டாவது தடவ ஒருத்தன் மட்டும் சிரிக்கல. என் வயசுதான் இருக்கும். பாதியிலயே எந்திரிச்சு வெளிய போயிட்டான்." தொப்பியை மடியில் திருப்பிக்கொண்டே, "அம்மா எப்படிப் போனா? நடந்தத அப்படியே சொல்லு" என்றான்.

அவள் குழாயைச் சிறிதாக்கினாள். "மத்தியானம் சோள ரொட்டியப் பால்ல ஊற வச்சுக் குடுத்தேன். ரெண்டு கரண்டி சாப்பிட்டாங்க, போதும்னாங்க. அஞ்சரைக்குக் கண்ணசந்தாங்க. நான் உன் வெள்ளச் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தப்ப மூச்சு இல்ல. ஒண்ணும் சொல்லல, ஹோபர்ட். சிரிக்கவும் இல்ல."

கூண்டின் இரைச்சல் நின்றிருந்தது. இமோஜீன் அதை அணைத்திருந்தாள். பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"அப்ப நீ மட்டுந்தான் கேட்டியா?"

"முழுசும் கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

பதினோரு வருஷத்தில் அவன் அதை அவளிடம் கேட்டதே இல்லை. பொய் சொல்ல வெர்லீனுக்கு ஒரு நொடி போதும். "நடுவுல ஒரு எடத்துல அவசரப்பட்ட" என்றாள். "அப்புறம் சுதாரிச்சுக்கிட்ட. அதுக்கப்புறம் நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா."

ஹோபர்ட் கண்ணைத் திறந்தான். தலைகீழாகத் தெரிந்த அவள் முகத்தையே பார்த்தான். "ஆமா, அவசரப்பட்டேன்" என்றான் மெதுவாக. "யாரும் கவனிக்கலன்னு நெனச்சேன்."

தண்ணீர் தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது.

"படம் எனக்கு இப்பவும் பிடிக்கல" என்றான்.

"எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். அவன் நெற்றியில் தொப்பி உட்காரும் இடத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெயிலில் கறுத்த தோல், மேலே குழந்தைக்கு இருப்பதுபோல வெளுத்த தோல். தலை கழுவி முடிந்திருந்தது. துண்டும் தோளில் தயாராகத்தான் இருந்தது. வெர்லீன் அதை எடுக்காமல், உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் ஷாம்பூவை ஊற்றிக்கொண்டாள்.