அவன் சாகாத நாவல்

நோயாளி கிடக்கிற வீட்டுக்கு ஆரஞ்சு கொண்டு வருவார்கள். எங்கள் சபைப் பெண்கள் சங்கத்துப் புஷ்பபாய் அக்கா நாவல் கொண்டு வந்தார். ஜெபம் முடிந்ததும், "நல்ல ஆறுதலான புஸ்தகமாக்கும் மக்கா, வாசி" என்று கையில் திணித்தார்.

ஆறுதலாம்! என் வீட்டுக்காரர் எலியாவுக்கு வந்த அதே ஈரல் வியாதிதான் கதாநாயகனுக்கும். மனைவி முந்நூறு பக்கமும் அழகாக அழுகிறாள். அவன் பன்னீர் மணக்கச் சாகிறான். சீ! இதை எழுதின ஆள் ஒரு நாளாவது பெட்பான் கழுவியிருப்பானா? டெட்டால் போட்டுத் தேய்த்தும் என் விரலிடுக்கில் வாடை போகவில்லை. 

தூக்கி எறிந்திருப்பேன், எலியா விடவில்லை. பாறசாலையில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஆறு வரை படித்தவர். வீட்டில் தமிழ்தான் பேசுவார், ஆனால் தமிழில் ஓர் எழுத்து தெரியாது. நான் எல்லைக்கு அப்பால், களியக்காவிளைக்கு அந்தப் பக்கத் தமிழ்நாட்டிலிருந்து கட்டி வந்தவள். கல்யாணப் பத்திரிகை வந்தாலும் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். "வாசி எட்டி, நேரம் போவட்டும்" என்றார்.

இனி ஒரு மாதம்தான் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். இவரிடம் நான் வெறும் மஞ்சள்காமாலை, மாறிவிடும் என்று சொல்லி வைத்திருந்தேன். இவருக்கு எப்படி அந்தச் சாவை வாசிப்பேன்? இருநூறாம் பக்கத்திலிருந்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மருந்து பிடித்தது, கஞ்சி குடித்தான், எழுந்து நடந்தான். நேற்று அவனைக் கள்ளிக்காட்டுக்கு அணை பார்க்கவே கூட்டிப்போய்விட்டேன். எலியா சிரித்தார். எனக்கு என் நாக்கின் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இன்று காலை புஷ்பபாய் அக்கா மறுபடி வந்தார். எலியா கிடந்த கட்டில்மேல் புத்தகத்தைக் கண்டதும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"தீந்துதா மக்கா? அவன் சாவுற எடத்துல நான் ஏங்கி ஏங்கி அழுதுபோட்டேன்!"

"அக்கா, சாயா குடிக்கியளா?" என்று குறுக்கே விழுந்தேன். அந்த வாய் சாயாவுக்கா அடங்கும்? "அவளுக்க மடியிலயே உயிரு போச்சே, பாவம்" என்று சொல்லி முடித்து, சாயாவையும் குடித்துவிட்டுத்தான் போனார். நாசமாய்ப் போக!

எலியா புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்தார். ஏசுவார் என்று நினைத்தேன்.

"எட்டி சுகிர்தா," என்றார். "ஆஸ்பத்திரியில தந்த இங்கிலீஷ் சீட்டையும் நீதானே எனக்கு வாசிச்சுச் சொன்ன?"