வலப்பக்கத் துளையில் ஒரு பாலம்

பொம்மனஹள்ளிப் பட்டறையில் அச்சாகி வரும் எலும்பு மாதிரிகளைச் சுத்தம் செய்வது ரெமிஜியஸின் வேலை. நோயாளியின் ஸ்கேனைப் பார்த்து, மண்டையோட்டின் அடிப்பாகத்தை இயந்திரம் அப்படியே பிளாஸ்டிக்கில் வார்த்துவிடும். சரியாமலிருக்கக் கூடவே முளைக்கும் முட்டுக்குச்சிகளை அவர் நறுக்கி எடுத்துவிட்டு ராவுவார்.

அன்று வந்தது ஒரு பள்ளி ஆசிரியையுடையது. வலக்கன்னத்தில் காற்றுப் பட்டாலே மின்னல் வெட்டுவதுபோல் வலி. முகம் கழுவியே மாதக்கணக்காகிறதாம். டாக்டர் சுப்ரியா கன்னம் வழியாக ஊசியைச் செலுத்தி, மண்டையோட்டின் அடியிலுள்ள நீள்வட்டத் துளையில் நுழைந்து, நரம்பை அடக்கப் போகிறார். அதற்குமுன் மாதிரியில் பழகிக்கொள்வார்.

துளையின் குறுக்கே மெல்லிய பாலம் ஒன்று இருந்தது. அதுவும் முட்டுக்குச்சிதான் என்று நினைத்து, பாவம், அந்த அம்மாவுக்கு ஊசி தடையில்லாமல் போகட்டும் என்று அதை நறுக்கி வழவழப்பாக்கினார் ரெமிஜியஸ். பெட்டியை மூடும்போதுதான் மனசு குறுகுறுத்தது. முட்டுக்குச்சியின் நுனி கூராகத்தானே இருக்கும்? இது இரண்டு பக்கமும் அகன்றல்லவா ஒட்டியிருந்தது?

குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் துழாவினார்.

"என்ன ரெமிண்ணா, மோதிரம் விழுந்துடுச்சா?" என்றாள் பட்டறையை நடத்தும் தமயந்தி.

"எலும்பையே வெட்டிட்டேன்னு பயமா இருக்கும்மா."

"சப்போர்ட்டா இருக்கும், விடுங்கண்ணா. நாளைக்கு ஆபரேஷன். இன்னொண்ணு போட ஆறு மணி நேரமாகும்."

"இதுல ஊசி நல்லாப் போகும். நாளைக்கு அந்தம்மாகிட்ட முட்டும்."

அவர் தேடியெடுத்த பாலத்துண்டைத் தமயந்தி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரை அழைத்துக் கைப்பேசியை ரெமிஜியஸிடமே நீட்டினாள்.

செய்ததை மறைக்காமல் சொன்னார். மறுமுனையில் டாக்டர் ஸ்கேனைப் புரட்டும் நேரம் நீண்டது. "குழந்தை யேசுவே" என்று ரெமிஜியஸ் முணுமுணுத்துக்கொண்டார்.

"ஹௌது, ஆமா, எலும்புதான்! சிலருக்கு அங்க இருக்கற நார் எலும்பாயிடும். நானும் கவனிக்கல. ஊசியை ஓரமாச் சாய்ச்சுத்தான் போகணும்."

"மன்னிச்சுக்கங்க மேடம்."

"அய்யோ, நான் தேங்க்ஸ் சொல்லணும். இன்னொண்ணு போடுங்க. சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கறேன்."

இரண்டாவது மாதிரியில் ரெமிஜியஸ் பாலத்தைத் தொடவேயில்லை. சிலுவை போட்டுக்கொண்டு பெட்டியில் வைத்தார். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பிலும் கை தவறும். அதை ஒப்புக்கொள்வதும் ஒரு நல்லதுதான் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் தமயந்தி டாக்டரின் குறுஞ்செய்தியைப் படித்துக் காட்டினாள்: "டீச்சர் இன்னிக்கு முகம் கழுவினாங்க. சோப்புப் போட்டு."

ரெமிஜியஸ் எழுந்து குழாயடிக்குப் போனார். இரண்டு கைகளிலும் தண்ணீரை ஏந்தி, மெதுவாகத் தன் முகத்தில் விட்டுக்கொண்டார்.