மேட்டின் மேல் ஆள் வேண்டாம்

ஷார்ஜா தொழில்பேட்டையில் விஜயபாஸ்கர் கட்டட மாடல்கள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். எந்த மாடலானாலும் கடைசி வேலை ஆள் ஒட்டுவதுதான். வில்லாவோ, மாலோ, விரல்நகம் அளவு பிளாஸ்டிக் மனிதர்கள் அதில் நடமாடினால்தான் பார்க்கிறவன் மனம் இளகும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது.

அந்தப் பட்டறைக்கு முதல்முறையாக வீடு விற்பதற்கு அல்லாத ஒரு வேலை வந்தது. அபுதாபியில் ஒரு கண்காட்சிக்காக, ஐந்து மேசைகளில் ஜப்பானின் காலங்கள். மண்பானை வனைந்த ஜோமோன், நெல் விளைத்த யயோய், மன்னர்களுக்கு மேடு எழுப்பிய கோஃபுன், தலைநகர் கட்டிய நாரா, சாமுராய்களின் எடோ.

மூன்றாவது மேசை அக்ஸாவுடையது. முட்டத்துப் பெண், இயற்பியல் பட்டதாரி. ப்ரொபேஷன் இன்னும் முடியவில்லை. யாராவது பெயர் கேட்டால்கூடத் தரையைப் பார்த்துத்தான் சொல்லுவாள். ஆனால் அந்த மேட்டின் ஒவ்வொரு சரிவையும் வரைபடத்தோடு ஒத்துப் பார்த்துச் செதுக்கியிருந்தாள். ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் விரிந்த முகப்பு, சுற்றிலும் மூன்று அகழி, மேலே அடர்ந்த மரங்கள். உயரத்திலிருந்து பார்த்தால் பெரிய சாவித்துவாரம். மன்னரின் கல்லறை. அதற்குள் பொதுமக்கள் யாரையும் விடுவதில்லை.

திங்கட்கிழமை காலையில் வந்தவள் பையைக்கூட இறக்காமல் மேசைக்கு மேல் குனிந்தாள். மேட்டின் உச்சியில் குடும்பம் குடும்பமாக ஆட்கள். ஒருவன் கையில் நாய்க்கயிறு. அகழிக்குக் குறுக்கே பாலம். வட்டத்தின் நடுவில் கோல்ஃப் வண்டி.

"காக்கா, யாரு இத ஒட்டுனது?"

பெயிண்டர் உஸைர் காயல்பட்டினத்துக்காரர். அண்ணனை அந்த ஊரில் காக்கா என்பார்கள்; பட்டறை முழுவதற்கும் அவர் காக்காதான். தூரிகையைக் கழுவியபடியே சொன்னார்: "நாந்தான் புள்ள. ஏன், வண்டி நல்லா இல்லையா?"

"இது கல்லறை காக்கா."

உஸைரின் கை நின்றது. "கபுரா? சுத்தி நீலமா, நடுவுல பச்சையா ஒரு டிசைனு. நான் தீவு வில்லா புராஜக்ட்டுன்னுல்ல நெனச்சேன். கபுரு மேலயா நாய விட்டேன்?"

அக்ஸா இடுக்கியை எடுத்து முதலில் நாயைக் கழற்றினாள். அந்த நேரம் பார்த்து விஜயபாஸ்கர் உள்ளே வந்தார்.

"என்னம்மா பண்றே? மதியம் ஆமிரா மேடம் வர்றாங்க."

"ஆள எடுக்கேன் சார். அங்க யாரும் ஏற மாட்டாங்க."

"ஜப்பான்காரனா வந்து எண்ணப் போறான்? ஆள் இல்லாத மாடல் பொணம் மாதிரி இருக்கும்."

"உள்ள இருக்கது அதுதானே சார்."

உஸைர் சிரிப்பை அடக்க இருமினார். விஜயபாஸ்கருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னும் ஒரு ஆள் மேல கை வச்சே, கலாஸ், அதோட முடிஞ்சுது. ஊருக்கு டிக்கெட் போட்டுருவேன்."

அவர் அலுவலக அறைக்குப் போனார். அக்ஸா மிச்ச ஆட்களை எடுத்தாள். வண்டியை எடுத்தாள். பாலத்தைப் பெயர்த்தாள்.

மதியம், கண்காட்சிப் பொறுப்பாளர் ஆமிரா வந்தார். மற்ற மேசைகளைப் பார்த்துத் தலையசைத்தவர் மூன்றாவதில் நின்று ஆங்கிலத்தில் கேட்டார், "இதில் மட்டும் ஏன் யாருமே இல்லை? பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். மேலே நாலு பேரை வையுங்களேன்."

"இப்போதே வைத்துவிடலாம், மேடம்," என்ற விஜயபாஸ்கர் அக்ஸாவைப் பார்த்த பார்வையில் டிக்கெட் தெரிந்தது.

"நான் வைக்க மாட்டேன்," என்றாள் அக்ஸா. தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு தலை நிமிர்ந்தது. "அது ஒரு கல்லறை, மேடம். உண்மையில் அங்கே ஏற விடமாட்டார்கள். வைத்தே ஆகவேண்டுமென்றால் வேறு யாராவது வைக்கட்டும்."

இடுக்கியையும் ஆட்கள் கிடந்த கிண்ணத்தையும் மேசை விளிம்பில் நகர்த்திவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். உஸைர் எடுக்கவில்லை. விஜயபாஸ்கர் கையை நீட்டி, ஆமிராவின் முகத்தைப் பார்த்து, பாதியில் நிறுத்தினார்.

ஆமிராதான் இடுக்கியை எடுத்தார். "அங்கே போனால் நான் எதுவரை போகலாம்?"

முகப்புக்கு எதிரே, அகழிக்கு வெளியே, அக்ஸா ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்கே நின்று வணங்கலாம். அதற்கு மேல் இல்லை."

ஆமிரா ஒரு பெண் உருவத்தைப் பொறுக்கி அங்கே நிறுத்தினார். "இது போதும்," என்று சொல்லிவிட்டு நாராவுக்கு நகர்ந்தார்.

அவருடைய கார் கிளம்பிய பிறகு விஜயபாஸ்கர் கதவருகே வந்து நின்றார். "கஸ்டமர் முன்னாடி என் மூஞ்சியில கரி பூசிட்டே. நாளைக்கு நீ வர வேண்டாம்."

"நாளைக்கு அகழிக்குத் தண்ணி மாதிரி ரெசின் ஊத்தணும் சார். அது காய ஒரு நாள் ஆகும்," என்றாள் அக்ஸா. "எட்டு மணிக்கு வருவேன். போகச் சொல்லணும்னா கேட்ல நின்னு சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். அவள் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

"எட்டுக்கு வந்தா எப்பக் காயும்?" என்று முணுமுணுத்தபடி அவர் உள்ளே போனார். "ஏழுக்கு வா."