காற்று அடங்காத தீவில் பரிமளா சிரித்தது

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்த கொளஞ்சி சொன்னது. அவன் அரியலூரில் தபால் ஆபீஸ் கிளார்க். நான் பத்திரிகைகளுக்கு அனுப்பும் கதைக் கவர்களை எடை போட்டு வாங்கிக்கொள்கிறவன். அந்த அளவுக்குத்தான் பழக்கம்.

"நீங்க எழுதுறவரு சார். நான் செஞ்சது தப்பான்னு சொல்லுங்க" என்று ஆரம்பித்தான். சிமென்ட் லாரிகள் கிளப்பிய தூசிக்குள் பஸ் அரியலூரைத் தொட்டபோது முடித்தான். இறங்கும்போது, "எழுதுனா முடிவ நல்லபடியா வைங்க சார். அவ கதையெல்லாம் படிப்பா" என்றான்.

கேட்டது அவன் வாயால். எழுத உட்கார்ந்தால் பேனா அவன் மனைவி பரிமளாவின் பக்கமே போய் நின்றது. அவளை அதுவரை நான் பார்த்ததுகூட இல்லை. (பார்க்காத பெண்ணின் மனசுக்குள் புகுந்து எழுதுவது எங்கள் தொழிலில் சகஜம். உனக்கு எப்படித் தெரியும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.)

2

முதல் தொடக்கம்: "அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு நிலை" — அடித்துவிட்டேன். ரேடியோ செய்தி மாதிரி இருந்தது.

இரண்டாவது: "வாழ்க்கையில் முதன்முதலாகக் கடலைப் பார்த்த பரிமளா" — பொய். வேளாங்கண்ணியில் பார்த்திருக்கிறாள்.

மூன்றாவது: "தாய் செத்துப்போன சேதி வந்த காலையில் மகள்" — இதுதான் சரியான தொடக்கம். ஆனால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தக் காலையில் மகளுக்கு அது தெரியாது. தெரியாமல் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறைத்து வைத்துப் பிறகு உங்களைத் திடுக்கிட வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். 2002, வைகாசி மாதம். அரசாங்க ஊழியருக்கான பயணச் சலுகையான எல்.டி.சி.யில் கொளஞ்சியும் பரிமளாவும் அந்தமான் போனார்கள். போர்ட்பிளேரிலிருந்து படகேறி ஒரு சின்னத் தீவுக்குப் போனார்கள். அன்று மாலையே காற்று பிடித்துக்கொண்டது.*

* பிள்ளைகள் இல்லை. இது அதைப் பற்றிய கதையும் இல்லை.

3

மறுநாள் காலையில் லாட்ஜ் மேனேஜர் பெரியசாமி கதவைத் தட்டி, லாட்ஜ் நம்பருக்குப் போன் வந்திருக்கிறது என்றார். அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பரிமளா குளித்துக்கொண்டிருந்தாள். கொளஞ்சி மட்டும் போனைப் பிடிக்க ஓடினான்.

அரும்பாவூரிலிருந்து மச்சான் சின்னதுரை. "மாமா, அம்மா போயிடுச்சு. நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. வண்டி புடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. அக்காவக் கூட்டிக்கிட்டு வாங்க."

அம்மாக்கண்ணு. ஒற்றை ஆளாய் வெங்காயக் காட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள்.

"படகு ஓடாது சார்" என்றார் பெரியசாமி. "காத்து அடங்குனாத்தான். இன்னிக்கு நிச்சயமா இல்ல. நாளைக்கும் சந்தேகந்தான்."

கொளஞ்சி அறைக்குத் திரும்பினான். தலையைத் துவட்டிக்கொண்டே அவள் கேட்டாள், "யாருங்க போன்ல?"

"ஆபீஸ்லேருந்து. ஒரு சாவி எங்கன்னு கேட்டாங்க."

4

(இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் அவள் கொஞ்சம் குறைவாகச் சிரித்தால் நன்றாயிருக்குமே என்று பார்த்தேன். கொளஞ்சி சொன்னது அப்படி இல்லை.)

மற்ற அறைக்காரர்களெல்லாம் மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பரிமளாவுக்கு அது திருவிழாவாக இருந்தது. மூன்று நாள் மேகம் கூடி, ஒரு சொட்டு விழாமல் கலைந்துபோகும் ஊரில் பிறந்தவள். இங்கே வானம் வாளியோடு கவிழ்ந்தது. தென்னைகள் தலைவிரித்து ஆடின. கடல் எது, மழை எது என்று தெரியாமல் ஒரே வெள்ளையாக இரைந்தது.

"வாங்கன்னா வாங்க!" என்று அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணலில் இறங்கினாள். குடை மேல்பக்கமாய் மடங்கிக்கொண்டது. அதைப் பிடிக்கப் போய் அவள் ஈர மணலில் சறுக்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்கம்மா மட்டும் இங்க இருந்திருக்கணும். வெங்காயம் அழுவிப்போவுதேன்னு இந்தக் கடலுக்கே சாபம் வுட்டுருக்கும்!"

கொளஞ்சி அவளைத் தூக்கிவிட்டான். அவன் முகத்தில் மழை வழிந்தது. அது மழைதானா என்று அவள் பார்க்கவில்லை.

சாயங்காலம் பொரித்த மீனைச் சாப்பிட்டுக்கொண்டே, "இதுக்கு முன்னாடி நான் இப்படி இருந்ததே இல்லீங்க" என்றாள். அரும்பாவூரில் அந்த நேரம் சிதைக்கு நெருப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

5

மறுநாள் காலை காற்று லேசாகத் தணிந்தது. பெரியசாமி ரெண்டு டம்ளர் டீயோடு வந்தார். கொளஞ்சி படகு விசாரிக்கப் போயிருந்தான்.

"அம்மாவுக்கு என்ன வயசுங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அறுபது இருக்கும்ண்ணே. பாத்தா சொல்ல மாட்டீங்க. இன்னும் களை வெட்டுறாங்க."

பெரியசாமி அப்படியே நின்றார். டீயைக் கீழே வைத்தார். அவர் நின்ற விதத்தில் பரிமளாவுக்கு ஏதோ புரிந்துவிட்டது. "ஏன்ண்ணே? ஏன் எங்கம்மா வயசக் கேட்டீங்க?"

கொளஞ்சி வந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்தாச்சா?"

"பரிமளா..."

"எடுத்தாச்சான்னு கேக்குறேன்."

"நேத்து சாயங்காலம்."

"நேத்து சாயங்காலம் நான் மீனு தின்னேன்."

"சொல்லி என்னா பண்ணியிருக்க முடியும்? கடலத் தாண்டியிருப்பியா? நீ அவ்வளவு சந்தோசமா இருந்து நான் பாத்ததே இல்ல புள்ள. அதக் கெடுக்க மனசு வரல."

"போவ முடியாதுன்னா அழுவக்கூடவா கூடாது?"

அதற்குப் பிறகு அவள் அழவும் இல்லை. மத்தியானப் படகில், மறுநாள் விமானத்தில், பஸ்ஸில், எங்கும். அரும்பாவூர் போய்ச் சேர்ந்தபோது சாம்பலையும் கரைத்திருந்தார்கள். பந்தலில் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "கடல் பாக்கப் போயிருந்தவ இவதான்" என்றது காதில் விழுந்தது.

6

ஐந்து வருஷம் ஆகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். சமைத்துப் போடுகிறாள், துணி மடித்து வைக்கிறாள். தூறல் போட்டால் எழுந்து ஜன்னலைச் சாத்துகிறாள். வேலை விஷயம் தவிரப் பேச்சில்லை. சிரிப்பு என்பது அந்த வீட்டில் டி.வி.யில் மட்டும்.

இங்கே கதாபாத்திரம் ஒன்றின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அவள்மேல் இல்லை, அவன்மேல். பிரியத்தில் மறைத்தானா, அழுகையைச் சமாளிக்கப் பயந்து மறைத்தானா? இரண்டும் ஒரே மனசில் இருக்கலாம். அப்படி எழுதினால் வாசகர் என்னை நழுவுகிறவன் என்பார்.

முடிவு அ: ஒரு மழைநாளில் அவள் அவன் தோளில் சாய்ந்து அழுகிறாள். (கேலண்டர் படம்.)

முடிவு ஆ: பெட்டியோடு அரும்பாவூர் பஸ் ஏறுகிறாள். (தம்பி வீட்டில் எத்தனை நாள்?)

முடிவு இ: அவள்

எதுவும் ஒட்டாததால், அவளையே பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

7

கொளஞ்சி ஆபீஸுக்குப் போயிருந்த நேரம். வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"எல்லாத்தையும் சொன்னாரா?"

"சொன்னாரு."

"எந்தம்பி ஐஸ் வச்சி ரெண்டு நாள் காத்திருக்கேன்னு சொன்னான். இவருதான் வேணாம், எடுத்துடுங்கன்னாரு. அதச் சொன்னாரா?"

"அதச் சொல்லல."

"காத்து எப்ப நிக்கும்னு இவருக்கு என்னா தெரியும்? அடுத்த நாளே நின்னுச்சில்ல? எங்கம்மா மொகத்த நான் பாத்திருப்பேன் சார்."

தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கேட்டாள், "முடிவு என்னா எழுதச் சொன்னாரு?"

"நல்லபடியா வைக்கச் சொன்னாரு."

"சரி. நான் மன்னிச்சிட்டேன்னு எழுதுங்க. அவரு படிக்கட்டும்."

"நெசமாவாம்மா?"

"அது உங்களுக்கு எதுக்கு சார்?"

உலை கொதிக்கிறது என்று எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

8

எழுத எனக்குத் தடையில்லை. கேட்டவன் ஒருத்தன், அனுமதித்தவள் ஒருத்தி. நாளைக் காலை இந்தக் கவரை எடை போடப்போவதும் அவன்தான்.

பாக்கி ஒரே ஒரு வினைச்சொல். நம் மொழியில் அது கடைசியில் வரும். ஆமாம் என்கிறதா, இல்லை என்கிறதா என்பது அதன் நுனி வரும்வரை தெரியாது. நாலைந்து தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நுனிவரை என் கை போக மறுக்கிறது. போகிறவர் யாராவது இருந்தால், பேனா இதோ.

பரிமளா கொளஞ்சியை மன்னி